உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரியா?

புதுச்சேரியை விட்டு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் கோட்டக்குப்பத்தையும் சின்ன முதலியார்சாவடியையும் கடந்து பெரிய முதலியார்சாவடியை அடைவர். மேற்கே ஆரோவில்லுக்குப் பிரியும் பாதை. கிழக்கே மீனவர் குடியிருப்பும் கடலும். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கும் இடம். ஊரார் கூடி வழக்குப் பேசும் இடமும் அதுவே. இக்கட்டுரையும் ஒரு வழக்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. குடிக்கு அடிமையான ஒருவனை அவனுடைய குடும்பத்தார் ஒன்றுகூடி எதிரே அமர்த்தி, எழுதிவைத்த சொற்களைப் படித்துக் காட்டி, சிகிச்சைக்கு இணங்கச் செய்யும் முறையொன்று மேலைநாட்டில் ஏறத்தாழ ஓர் இலக்கிய வடிவமாகவே வளர்ந்திருக்கிறது. அவ்வடிவம் இந்தக் கடற்கரையில் செல்லுபடியாகுமா, ஆகாதெனில் எதனால், அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது என்பதே வழக்கு.

மருத்துவர்கள் பேசவேண்டியதை இலக்கியத் திறனாய்வாளன் பேசுவானேன் என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். குடிப்பவன் வீட்டில் அன்றாடம் செலவாகும் பொருள்களில் பணத்துக்கு அடுத்தது சொல். வாக்குறுதி, வசை, சாபம், கடன்காரனிடம் சொல்லும் பொய், அண்டைவீட்டாரிடம் சொல்லும் சமாளிப்பு, பிள்ளைகளிடம் சொல்லும் ஆறுதல் என்று காலை முதல் நள்ளிரவுவரை அங்கே பேச்சு ஓய்வதில்லை. அத்தனை பேச்சும் பயனற்றுப் போகிறது. பேச்சு ஏன் பயனற்றுப் போகிறது என்று ஆராய்வது எம்போன்றோரின் தொழில் அல்லவா?

இந்தக் கரையில் மதுவைப் பற்றிய பேச்சு பழமையானது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை ஆற்றுப்படுத்துகையில் எயிற்பட்டினத்தின் வழியே அனுப்புகிறார். அங்கே நுளையர் மகள் வடித்த முதிர்ந்த தேறலைப் பரதவர் பாணனுக்கு ஊட்டுவர்; சுட்ட மீனும் கிடைக்கும். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்பாட்டில் மது விருந்தோம்பலின் ஒரு கூறு. பாணன் விடைபெற்றுச் சென்றபின் அந்த நுளையர் குடிலில் இரவு எப்படிக் கழிந்தது என்பதைப் புலவர் சொல்லவில்லை. அதைச் சொல்வது ஆற்றுப்படையின் வேலையும் அன்று.

சொல்ல முன்வந்தவர் வள்ளுவர். கள்ளுண்ணாமை என்னும் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தின் இறுதி இரு குறட்பாக்களை அடுத்தடுத்து வைத்துப் படிப்போர் மிகச் சிலர். ஒன்பதாவது குறள், மயங்கிக் கிடப்பவனுக்குக் காரணங்காட்டித் தெளிவிக்க முனைவது நீருள் மூழ்கியவனை விளக்கேற்றித் தேடுவது போன்றதென்று கைவிரிக்கிறது. இத்துடன் நிறுத்தியிருந்தால் நம்பிக்கைக்கு இடமில்லை. பத்தாவது குறளோ, அதே மனிதன் குடிக்காதிருக்கும் வேளையில் பிறனொருவன் மயங்கிக் கிடப்பதைக் கண்டால் தன் நிலையை எண்ணிப் பார்க்கமாட்டானா என்று வினவுகிறது. மயங்கியவனிடம் பேசாதே, தெளிந்திருக்கும்போது அவன் கண்முன்னே அவனையே காட்டு என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் நெறி. நாமோ ஒன்பதாம் குறளைத் தினமும் இரவு பத்து மணிக்கு மீறுகிறோம். பத்தாம் குறளுக்குரிய காலை ஏழு மணியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மௌனம் காக்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் நம்மிடையே மதுவிலக்குக் கதை என்றொரு வகை தோன்றியது. ராஜாஜி திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தினார். கல்கி அதில் துணைநின்றார். சென்னை மாகாண முதல்வரானதும் 1937 அக்டோபர் முதல் நாளில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் ராஜாஜியே. அவருடைய ‘திக்கற்ற பார்வதி’ 1974-ஆம் ஆண்டில் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. அக்கதையின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆயினும் தலைப்பை ஒருகணம் உற்று நோக்குங்கள். குடிப்பவனின் மனைவிக்குத் திக்கு இல்லை என்று அது தீர்ப்பளிக்கிறது. மதுவிலக்குக் கதைகள் பெரும்பாலும் அரசை நோக்கி எழுதப்பட்டவை. கடையை மூடுங்கள் என்பதே அவற்றின் கோரிக்கை. மனைவியின் கண்ணீர் அக்கோரிக்கை மனுவில் ஒட்டப்பட்ட முத்திரை. அவள் கணவனிடம் என்ன சொன்னாள், எந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம் என்னும் ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. திரைப்படம் மறுபுறம் சென்று, 1953-இல் வந்த ‘தேவதாஸ்’ போன்றவற்றில், குடிப்பவனுக்குப் பாட்டையும் சுற்றியிருப்போருக்கு அழுகையையும் பங்கிட்டுக் கொடுத்தது.

சட்டத்தை நோக்கிய அந்த இலக்கியம் முதலியார்சாவடியில் எப்போதும் பாதி வலுவுடன்தான் நின்றது என்பதையும் குறிப்பிட வேண்டும். சில கிலோமீட்டர் தெற்கே எல்லை. 1954 நவம்பர்வரை அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. அதன்பின் ஒன்றியப் பிரதேசம். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு நடந்த காலத்திலும் எல்லைக்கு அப்பால் கடைகள் திறந்திருந்தன. தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்கு தளர்ந்து, மீண்டும் இறுகி, 1981-இல் மறுபடி தளர்ந்து, 1983-இல் டாஸ்மாக் பிறந்து, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்த வரலாறு முழுவதையும் இவ்வூர் வேடிக்கை பார்த்தது. சட்டம் எப்படி மாறினாலும் எல்லைக்கு அப்பாலுள்ள கடை இருந்துகொண்டே இருந்தது. ஆகவே அரசுக்கு எழுதும் மனு பாதி பயன் தரும் ஊரில், வீட்டுக்குள் பேசும் பேச்சுக்கு இருமடங்கு பொறுப்பு வந்துசேர்கிறது.

அந்தப் பேச்சைப் பற்றிய நூலொன்று 1973-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர் மின்னசோட்டாவைச் சேர்ந்த வெர்னான் ஜான்சன். எபிஸ்கோபல் திருச்சபைப் பாதிரியார். தாமே குடியில் ஆழ்ந்து மீண்டவர். ‘நாளை விட்டுவிடுகிறேன்’ எனப் பொருள்படும் தலைப்பை நூலுக்கு வைத்தார். உலகத்துக் குடிப்பவர் அனைவருக்கும் பொதுவான அந்த வாக்கியத்தைத் தலைப்பாகக் கண்டுகொண்டதே ஒரு படைப்பாளியின் வேலை.

ஜான்சன் எதிர்த்தது ஒரு பழங்கொள்கையை. குடிப்பவன் அடித்தளத்தைத் தொட்டால்தான் திருந்துவான். அதுவரை யாராலும் ஒன்றும் செய்ய இயலாது என்று அன்று பலரும் நம்பினர். மீண்டவர்களை விசாரித்துப் பார்த்த ஜான்சன், ஒருவரும் திடீர் ஞானத்தால் மீளவில்லை, வேலை போதல், நோய், விபத்து, மணமுறிவு போன்ற நெருக்கடிகள் குவிந்து தள்ளியதாலேயே மீண்டனர் என்று கண்டார். அப்படியானால் அந்நெருக்கடியை அன்புடையவர்கள் திட்டமிட்டு, அழிவு நேருமுன்பே, ஓர் அறைக்குள் உண்டாக்கலாகாதா என்று கேட்டார். மனைவி, மக்கள், நண்பர், மேலதிகாரி ஆகியோர் முன்னதாகப் பயிற்சி பெறுவர். ஒவ்வொருவரும் தாம் நேரில் கண்ட நிகழ்ச்சிகளை நாளும் இடமும் குறித்து எழுதுவர். பின் ஒருநாள் அவன் தெளிந்திருக்கும் வேளையில் சுற்றியமர்ந்து படிப்பர். மருத்துவமனையில் இடம் அன்றைக்கே ஆயத்தமாக இருக்கும். 1978 ஏப்ரல் முதல் நாளில் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜெரால்டு ஃபோர்டும் பிள்ளைகளும் பெட்டி ஃபோர்டு அம்மையாரை இவ்வாறே எதிர்கொண்டனர். அதற்குச் சில நாள் முன்னர் மகள் சூசன் ஒரு மருத்துவரை அழைத்துவந்து பேசிப்பார்த்துத் துரத்தப்பட்டார் என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. இரண்டாம் முறை அம்மையார் இணங்கினார். 1982-இல் தம் பெயரால் ஒரு சிகிச்சை மையமே நிறுவினார்.

‘அடித்தளம்’ என்னும் கொள்கையை ஜான்சன் மறுத்தது எத்துணைப் பெரிய காரியம் என்பது மின்னசோட்டாவை விட நமக்கே நன்கு விளங்கும். 2023 மே மாதம் இதே கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 14 பேர் இறந்தனர். பெண்களும் அவர்களுள் அடங்குவர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இறந்தோரையும் சேர்த்தால் எண்ணிக்கை 20-ஐத் தாண்டும். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 65-க்கும் மேற்பட்டோர். மெத்தனால் உடலுக்குள் சென்றபின் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது, கண் நரம்பைக் கெடுக்கிறது, மூச்சை முட்டவைக்கிறது. ஆலைகளுக்குரிய அந்த நீர்மத்துக்கும் சாராயத்துக்கும் நாவால் வேறுபாடு காண முடியாது. அடித்தளத்தைத் தொட்டுத் திரும்பட்டும் என்று காத்திருந்த வீடுகள் அங்கே எத்தனையோ! இந்தக் கரையில் அடித்தளம் எனப்படுவது முண்டியம்பாக்கம் மருத்துவமனையின் பிணவறை. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டபோது குடித்துச் செத்தவனுக்கா என்று பலர் முகஞ்சுளித்தனர். உயிரோடு இருந்தவனுக்காக எவரும் பேசவில்லையே என்று சுளித்தவர் மிகக் குறைவு.

இனி நூலின் நடைக்கு வருவோம். ஜான்சன் கேட்கும் கடிதங்களின் சிறப்பு அவற்றின் இலக்கணத்தில் இருக்கிறது. குடிப்பவன் வீட்டு மொழி முழுவதும் எதிர்காலத்தில் நடக்கிறது. ‘நாளை விட்டுவிடுவேன்’ என்கிறான் அவன். ‘பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்’, ‘கடலில் விழுந்து செத்துவிடுவேன்’ என்கிறாள் அவள். இரண்டும் நிறைவேறாத எதிர்காலம். ஜான்சன் அவ்வீட்டாரை இறந்தகாலத்துக்கு அழைக்கிறார். நடந்ததை மட்டும் சொல். நீ கண்டதை மட்டும் சொல். பெயரடை வேண்டாம், பட்டப்பெயர் வேண்டாம் என்கிறார்.

நம் மரபில் இதற்கு எதிர்ப்பட்டு நிற்பது ஒப்பாரி. அதை இழித்துப் பேசுவதாக எண்ணவேண்டா. ஒப்பாரி நம் பெண்களின் பெரும் படைப்பு. ஆனால் அதன் இயல்பு என்ன? இறந்தவரை முன்னிலைப்படுத்தி, அவர் மறுமொழி சொல்லமாட்டார் என்ற உறுதியில் பாடுவது. குடித்துவிட்டுத் திண்ணையில் கிடக்கும் கணவனின் முன் மார்பில் அடித்துக்கொண்டு மண்ணை வாரித் தூற்றும் பெண், தன்னையறியாமலே உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி வைக்கிறாள். ‘குடியைக் கெடுத்த பாவி’, ‘என் தாலிக்கு வந்த எமன்’ என்னும் தொடர்கள் எந்த வீட்டுக்கும் பொருந்தும். ஆகவே எந்த மனிதனையும் தொடுவதில்லை. அவற்றை அவன் ஆயிரம் முறை கேட்டிருக்கிறான். அலையோசை கேட்டுத் தூங்கப் பழகியவனுக்கு அது ஒரு பொருட்டா?

ஜான்சன் கேட்பதுபோல் ஒரு தாய் சொல்வதாயின் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்ப்போம். “தை மாசம் உங்கப்பா திவசத்தன்னைக்கி உனக்கு எல போட்டு வச்சிருந்தேன். பொழுது சாயிற வரைக்கும் நீ வரல. சோத்த நாய் தின்னுட்டுப் போச்சு. நான் அன்னைக்கி சாப்பிடல, ராசா.” மனைவி சொல்வதாயின்: “போன வெள்ளிக்கிழம மீன் வித்த காசு முந்நூறு ரூபா ஒறியில வச்சிருந்தேங்க. காலையில இல்ல. பாப்பாவுக்கு நோட்டு வாங்கல. பள்ளிக்கூடத்துல வெளியில நிக்க வச்சாங்க.” இவற்றுள் வசைச்சொல் ஒன்றும் இல்லை. மறுக்கவும் இடமில்லை. நாய் தின்ற இலை பொய்யாகாது. நம் சிறுகதையாசிரியர் பலர் பத்துப் பக்கத்தில் எட்டாத செறிவை, உண்மையையன்றி வேறெதையும் சொல்லாதே என்னும் கட்டுப்பாடு ஒரு படிப்பறியாத தாய்க்கும் அளித்துவிடும்.

ஆனால் நூலின் மறுபாதியை நாம் ஏற்பதற்கில்லை. கடிதங்களின் முடிவில் ஒவ்வொருவரும், நீ இன்றே சிகிச்சைக்குச் செல்லாவிடில் நான் இன்னது செய்வேன் என்று அறிவிக்க வேண்டும். மேலதிகாரி வேலைநீக்கம் என்பார். மனைவி பிரிவு என்பாள். அந்த அச்சுறுத்தலுக்குப் பின்னால் ஒரு சமுதாய அமைப்பு மறைந்துநிற்கிறது: தனிச் சம்பளம், தனி வீடு, வழக்குரைஞர், காப்பீடு. பெரிய முதலியார்சாவடியில் மீன்கூடை சுமக்கும் பெண்ணுக்குக் கையில் காசு புழங்குகிறது என்பது உண்மை. அவ்வகையில் அவள் நம் நகரத்துப் பெண்களைவிட வலியவள். ஆயினும் அவள் போவதெங்கே? தாய்வீடு பெரும்பாலும் அதே ஊரின் அடுத்த தெரு. ‘போய்விடுவேன்’ என்பதை அவள் முன்பே பலமுறை சொல்லி, மூன்றாம் நாள் பெரியவர்கள் சமாதானம் பேசக் கேட்டுத் திரும்பியிருக்கிறாள். நிறைவேற்ற இயலாத அச்சுறுத்தல் அவனுடைய ‘நாளை’க்கு உடன்பிறந்தது. அதை ஒரு சடங்காக்கிச் சொல்லவைத்தால் அவளுடைய சொல்லுக்கு எஞ்சியிருக்கும் மதிப்பும் போகும்.

வேறொரு தடையும் உண்டு. ஜான்சன் அறைக்குக் கதவு உண்டு. மீனவர் குடியிருப்பில் நாலு பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்தால் நாற்பது பேர் வாசலில் நிற்பர். குடும்பம் கூடுவது ஊர் கூடுவதாகவும், ஊர் கூடுவது பஞ்சாயத்தாகவும், பஞ்சாயத்து தண்டம் விதிப்பதாகவும் முடியும். தண்டங்கட்டிய மனிதன் தன் கணக்குத் தீர்ந்ததென்று கருதுகிறான். சிகிச்சைக்கு வந்தவன் குற்றவாளியாகத் திரும்புகிறான். சாவடிப் பேச்சு வேறு, வீட்டுப் பேச்சு வேறு என்பதை அமெரிக்க நூல் அறிந்திருக்க நியாயமில்லை. அதை இங்கே கொண்டுவருவோர் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவிலேயே இந்த ஐயம் எழுந்தது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மில்லர், ராபர்ட் மேயர்ஸ் முதலியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிப்பவர்களின் உறவினர் 130 பேர் மூன்று பிரிவாகப் பயிற்சி பெற்றனர். ஜான்சன் முறையில் பயின்ற குடும்பங்களில் 30 விழுக்காட்டினரே தம்மவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவர முடிந்தது. பெரும்பாலோர் அந்த எதிர்கொள்ளலை நடத்தத் துணியாமல் பாதியிலேயே விலகிவிட்டனர். அமெரிக்கருக்கே கை நடுங்கியிருக்கிறது! குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951-இல் தொடங்கப்பட்ட அல்-அனான் சங்கத்தின் வழியில் பயின்றோரிடம் 13 விழுக்காடு. குடிப்பவனை விட்டு உறவினர் தம் மனத்தைக் காத்துக்கொள்வதே அச்சங்கத்தின் நோக்கமாதலால் இது குறையாகாது. மூன்றாவது, மேயர்ஸ் வகுத்த ‘கிராஃப்ட்’ என்னும் முறை. அதில் 64 விழுக்காட்டினர் வெற்றி கண்டனர்.

இம்மூன்றாம் முறையில் சுற்றியமர்தலும் இல்லை, அறிவிப்பும் இல்லை. மனைவியோ தாயோ ஒருவரே போதும். அவன் எந்த நாளில், யாருடன், என்ன நடந்தபின் குடிக்கிறான் என்று அவள் கவனித்துக் குறிக்கிறாள். பங்கு பிரிக்கும் நாளா, வலை கிழிந்த நாளா, மீன்பிடித் தடைக்காலத்து வெறும் பொழுதா? குடிக்காமல் வந்த மாலையில் அவனுடன் உட்கார்ந்து பேசுகிறாள். அவன் விரும்பும் குழம்பை வைக்கிறாள். குடித்து வந்தால் சண்டையிடுவதில்லை, சோறு பரிமாறக் காத்திருப்பதுமில்லை. சொல்லிவிட்டு விலகிப் படுக்கிறாள். படகுக்காரரிடம் அவனுக்காகப் பொய் சொல்வதை நிறுத்துகிறாள். கடையில் அவன் வைத்த பாக்கியை அடைப்பதை நிறுத்துகிறாள். மணலில் விழுந்து கிடந்தால் தூக்கிவந்து கழுவிப் படுக்கவைப்பதில்லை. ஆனால் வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடாதபடி ஒருக்களித்துக் கிடத்திவிட்டு, மூச்சைப் பார்த்துக்கொள்கிறாள். அவன் கையோங்குபவனாயின் தன்னையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வதே முதல் பாடம். இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கையில், அவனே தன்னை வெறுத்து ஒரு காலையில் தலைகுனிந்திருக்கும் வேளை வரும். அப்போது சிகிச்சையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறாள். வள்ளுவரின் பத்தாம் குறளுக்கு உரிய வேளை அது. ஜான்சன் குடும்பத்தை இறந்தகாலத்துக்கு அழைத்தார் என்றால் மேயர்ஸ் நிகழ்காலத்தில் உட்காரவைக்கிறார்.

நம் மண்ணில் இதற்குச் சான்று இல்லாமலில்லை. சபரிமலைக்கு மாலை அணிந்த மனிதர் 41 நாள் மதுவைத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிறார் என்று நகைப்போர் உண்டு. நகைப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்நாள்களில் மனைவி, மக்கள், தெருவார் எல்லோரும் அவரைச் ‘சாமி’ என்று அழைக்கின்றனர். முன்தினம்வரை குடிகாரன் எனப்பட்டவரின் விளிப்பெயர் மாறுகிறது, அவரும் மாறுகிறார். மாலையைக் கழற்றியதும் பழைய விளிப்பெயர் திரும்புகிறது.

நம்மவரிடத்தும் இதே காட்சிதான். நம் தெருக்களில் குடி இல்லை என்று மேடையில் சொல்லிக்கொள்கிறோம். நோன்பு முப்பது நாளும் பள்ளிவாசலின் முன்வரிசையில் நின்று, பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் எல்லைக்கு அப்பால் போய் வருகிற பிள்ளையை எந்த வீடு அறியவில்லை? ஜமாஅத்துக்குத் தெரிந்தால் தங்கைக்கு மாப்பிள்ளை அமையாது என்று வீடு மூடி மறைக்கிறது. மறைப்பதால் அவன் மருத்துவரிடம் போவதும் நின்றுபோகிறது. திருமறை மதுவை ஒரே ஆணையால் விலக்கவில்லை என்பதை ஓதியறிந்தோர் அறிவர். அல்பகறா அத்தியாயத்தில் அதன் தீங்கு பயனினும் பெரிதென்னும் சிந்தனை. அந்நிஸாவில் தான் பேசுவது தனக்கே விளங்காத நிலையில் தொழுகையை அணுகாமை. அல்மாயிதாவில் முற்றிலும் விலக்கு. மூன்றாம் படியை மட்டும் முழங்கும் சொற்பொழிவுகளே நமக்குப் பழக்கம். குடித்ததற்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்ட ஒருவரைச் சபித்தவரை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்த செய்தி புகாரியில் உள்ளது. தண்டனை நின்ற இடத்திலும் சாபத்துக்கு இடந்தரப்படவில்லை. அச்செய்தியை ஜும்ஆ மேடையில் நாம் கேட்டது எத்தனை முறை?

சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரமொன்றையும் இத்திறனாய்வு விட்டுவிட இயலாது. குடிப்பவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம் என்று கூவும் மருந்து விளம்பரங்களைச் சொல்கிறேன். அவற்றுள் என்ன கலந்திருக்கிறதென்பது பலவேளை கேள்விக்குறி. மருத்துவர் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையை வாங்கிக் காப்பியில் கரைத்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. அம்மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகவும் கூடும். அறிந்து உட்கொள்பவனுக்கு அது காவல், அறியாதவனுக்கு நஞ்சு. உடற்கேட்டைவிட எமக்குப் பெரிதாகத் தோன்றுவது, வீட்டில் எஞ்சியிருந்த ஒரே உண்மைப் பொருளான சோற்றிலும் பொய் கலந்துவிடுகிறதே என்பதுதான். பின்னொருநாள் தெரியவந்தால் அவன் அவள் கையால் சாப்பிடுவானா?

திடீரென நிறுத்தச் சொல்வதும் ஆபத்தே. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும், இல்லாததைக் கண்டு அலறும் பிதற்றலும் தோன்றலாம். மருத்துவக் கண்காணிப்பு இன்றி அதைக் கடப்பது உயிருடன் விளையாடுவது. அறையில் பூட்டிவைத்துத் திருத்துகிறோம் என்போர் இதை அறிந்திருத்தல் நலம். நம் நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டிய சாந்தி ரங்கநாதன் அம்மையார், கணவரைக் குடிக்கு 1979-இல் பறிகொடுத்து, மறு ஆண்டே சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் பயிற்சிக்கு வரவேண்டும் என்பது விதி. திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற ஊர்களில் முகாமிட்டு, கிராமத்தாரையே துணைசேர்த்துச் சிகிச்சை அளித்ததும் அந்நிறுவனமே. ஜான்சன் கதவை மூடி நடத்தியதை மஞ்சக்குடியில் ஊரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடத்தினர். ஊரைத் தண்டம் விதிக்கும் அவையாகக் கூட்டாமல், திரும்பி வந்தவனுக்கு வேலை கொடுக்கவும் விசாரிக்கவும் கூட்டினர். இதைப் பற்றி ஒரு நல்ல தமிழ்ப் புதினம் ஏன் இன்னும் வரவில்லை என்று நான் வியப்பதுண்டு. கணவன் செத்தபின் அழுத பார்வதிகளை எழுதினோம். அழுது முடித்து எழுந்து மருத்துவமனை கட்டிய பெண்ணை எழுதவில்லை.

இறுதியாக, கடிதத்தை யார் படிப்பது என்பதில் ஒரு சொல். இக்கரையில் தாய்க்கும் பாட்டிக்கும் எழுத்து வராது. எட்டாவது படிக்கும் மகளைக் கூப்பிட்டு எழுதச் சொல்வார்கள். ஜான்சன் முறையில் பிள்ளைகளும் படிப்பர், அவர்கள் சொல்லே மிகுதியும் தைக்கும் என்பர். தைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தந்தை மறுத்துவிட்டால், அல்லது இணங்கிச் சென்று நான்காம் மாதம் மீண்டும் குடித்துவிட்டால், அச்சிறுமி தன் எழுத்துப் போதவில்லை என்றே நினைப்பாள். மீண்டும் குடிப்பது இந்நோயில் அரிதன்று. நூல் அதற்கு ஒதுக்கிய இடமோ குறைவு. ஆதலின் அவள் எழுதித் தரட்டும், பாட்டி சொல்லச் சொல்ல. எழுதியதும் தாளை மடித்துத் தாய்மாமன் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும். காலையில், அவன் முகங்கழுவி வந்து உட்கார்ந்தபின், மாமன் படிக்கட்டும்.